கத்தி படக் கூடாத நாட்கள்

அம்மா, நீ அனுப்பிய படம் வந்துவிட்டது. உன் இடது கை, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, கயிற்றில் முடிந்த விரலி மஞ்சள், பின்னால் நம் அம்மன் கோயில் தூண். படத்துக்குக் கீழே ஒரே வரி எழுதியிருக்கிறாய்: "நான் காப்பு கட்டிக்கிட்டேன், நீ அவுத்துடு."

அவிழ்க்க மாட்டேன். முதலில் இதை முழுக்கப் படி.

உனக்குக் காது கேட்காது, எனக்குத் தமிழ் எழுத வராது. அதனால் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. பக்கத்தில் இருந்த பர்மிய அம்மா, நான் யாரோடோ சண்டை போடுகிறேன் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்துவிட்டார். இதைக் குடும்ப குரூப்பில்தான் போடப்போகிறேன். பெரியம்மா படிக்கட்டும், பூசாரி வேலப்பன் மாமா கட்டாயம் படிக்கட்டும். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னும் கரண்ட் வரவில்லை. வந்ததும் என்னைக் கூப்பிடுவார்கள். ஜெனரேட்டர் பாதியில் நின்றுவிடும் என்று டாக்டரம்மா அதை நம்பிக் கத்தி எடுப்பதில்லை. விளக்கு எரிகிற வரைக்கும்தான் எனக்கு நேரம்.

இந்த மூக்கை நான் செய்துகொண்டது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. இங்கே யாங்கோனில், பபேடான் பேட்டையில், துணிக்கடையில் போன் முன்னால் நின்று லைவ் போட்டுப் புடவையும் லுங்கியும் விற்கிறவள் நான். முகம் தட்டையாகத் தெரிகிறது என்று பார்க்கிறவர்கள் எழுதுவார்கள். அப்பாவின் பாட்டி பர்மாக்காரி. அந்த மூக்கு அப்பாவுக்கு வந்து, அப்படியே எனக்கும் வந்தது. நம் ஊர் கியாக்தானில் பெரியம்மா பிள்ளைகள் என்னைச் சப்பை மூக்கி என்றார்கள். இங்கே கடைக்கு வருகிற பர்மியப் பெண்கள், "இந்தியப் பொண்ணுங்களுக்கு மூக்குத்தண்டு கத்தி மாதிரி நிக்குமே, உனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்றார்கள். அங்கேயும் சேராத மூக்கு, இங்கேயும் சேராத மூக்கு.

ஒரு பியூட்டி சென்டர் மாடியில் போய் சிலிகான் வைத்துக்கொண்டேன். மத்தியானம் போனவள் சாயங்காலம் திரும்பிவிட்டேன். வீக்கம் வடிந்து ஊருக்கு வந்தபோது நீ என் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, "கோயில் செலையாட்டம் இருக்கியேடி" என்றாய். பெரியம்மா மட்டும், "செலைக்கு ஜலதோஷம் புடிக்காது, இவளுக்குப் புடிச்சா எப்படிச் சிந்துவா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

இந்த மாசியில்தான் அது ஆரம்பித்தது. மூக்கு நுனி சிவந்தது. சிவப்புக்கு மேல் ஒரு பளபளப்பு. தொட்டால் சூடு. பயந்துபோய் வீடியோவில் உனக்குக் காட்டினேன். நீ அந்த நிமிஷமே கையெடுத்துக் கும்பிட்டு, "ஆத்தா, எம் பொண்ணு மூக்கு ஆறட்டும், அவளே வந்து உன் பூக்குழியில எறங்குவா" என்று வேண்டிக்கொண்டாய். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பயம்.

மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். சிவப்பு அடங்கியது. உனக்குக் காட்டினேன். "அம்மன் கண்ணத் தொறந்துட்டா" என்று அழுதாய். மாத்திரையும் சாப்பிட்டேன் அம்மா என்று, என்னோடு ஒரே அறையில் இருக்கிற ஹாஜரா பேப்பரில் தமிழில் எழுதித் தூக்கிக் காட்டினாள். நீ படித்துவிட்டு, "மாத்திரைக்குப் புத்தி குடுத்தது யாரு?" என்று கேட்டாய். ஹாஜரா, "உங்கம்மாகிட்ட வக்கீலே தோத்துருவான்" என்று பேப்பரைக் கசக்கிப் போட்டாள்.

மூக்கு ஆறிவிட்டது என்று நம்பித்தான் எல்லோரும் அவசரப்பட்டோம். பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள் வந்தது. வேண்டுதலைக் கடன் வைக்கக் கூடாது என்றாய். நான் ஊருக்கு வந்தேன். வேலப்பன் மாமா எனக்குக் காப்புக் கட்டினார். கட்டும்போதே சட்டம் சொன்னார்.

"கவுச்சி தொடாத. நகம் வெட்டாத. பொழப்புக்குப் பாலம் தாண்டி யாங்கோன் போ, நான் வேணாங்கல. ஆனா பூ மிதிக்கிற வரைக்கும் ஒடம்புல கத்தி படக் கூடாது. ரத்தம் சொட்டுனா காப்பு கெட்டுச்சு. புரியுதா?"

"புரியுது மாமா."

"மொகத்துல ஏதோ வச்சிருக்கியாமே, அதெல்லாம் பழைய கதைதானே?"

"பழைய கதைதான் மாமா."

அப்படித்தான் நினைத்தேன். யாங்கோன் திரும்பியதும் வெங்காயத்தைக் கூட ஹாஜராதான் நறுக்கினாள். "நீ பூ மிதிக்கிறதுக்கு நான் கண்ணீர் விடணுமா?" என்று கேட்டுக்கொண்டே நறுக்கினாள். அவள் கடையிலும் என்னோடுதான் வேலை செய்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பிறகு ஒரு நாள் லைவில் பச்சைப் புடவையைத் தோளில் போட்டு விலை சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுதினாள்: "அக்கா, மூக்குல ஏதோ வெள்ளையா ஒட்டியிருக்கு, தொடச்சுக்கோங்க." பவுடர் என்று நினைத்துப் புடவை முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தேன். ஹாஜரா போனுக்குப் பின்னால் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. லைவை அப்படியே அணைத்துவிட்டேன். அன்றிலிருந்து மாஸ்க் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன்.

அவள்தான் இந்த டாக்டரம்மாவிடம் கூட்டி வந்தாள். டாக்டரம்மா பர்மிய மொழியில்தான் பேசினார், நான் தமிழில் சொல்கிறேன். டார்ச் அடித்துப் பார்த்தார். விரலால் தொடக்கூட இல்லை.

"இந்த வெள்ளை என்னன்னு தெரியுமா?"

"சீழா?"

"உள்ள இருக்கிற சிலிகான். அது முட்டி முட்டித் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆயிட்டுது. அந்தப் பக்கம் இருக்கிறது கண்ணுக்குத் தெரியுது."

"மாத்திரை குடுங்க டாக்டரம்மா. திருவிழா முடியட்டும், வந்துடறேன்."

"மாத்திரை சிவப்பை அடக்கும், தோலை வளர்க்காது. இப்ப நான் மூக்குக்கு உள்பக்கமாத் தொறந்து எடுத்தாத் தழும்பு வெளிய தெரியாது. அது தானா கிழிச்சுக்கிட்டு வந்தா நுனியில ஓட்டை. ஓட்டை ஆறும்போது மூக்கு சுருங்கி மேல இழுத்துக்கும். அதைச் சரிபண்றது ரொம்பக் கஷ்டம்."

"எடுத்துட்டா பழைய மூக்கு வந்துடுமா?"

அவர் டார்ச்சை அணைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "வரும்னு சொல்ல மாட்டேன். அமுங்கும். கொஞ்சம் கோணலாகூட ஆகலாம். திரும்ப எடுப்பா வைக்கணுமான்னு அடுத்த வருஷம் யோசிங்க. காதுலேர்ந்து குருத்தெலும்பு எடுத்து வைக்கலாம். வைக்காமலும் இருக்கலாம். இப்ப அதைப் பத்திப் பேச்சே வேணாம்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுதால் மூக்கு வீங்கும் என்று அழுகையையும் பாதியில் நிறுத்தினேன். சப்பை மூக்கு பிடிக்காமல் செய்துகொண்டேன். இப்போது அந்தச் சப்பை மூக்குகூட எனக்குத் திரும்பக் கிடைக்காதாம்.

பியூட்டி சென்டருக்குப் போன் செய்தேன். மறைக்க மாட்டேன், ஆசையாகத்தான் செய்தேன். அங்கே இருந்த பெண் தேன் மாதிரிப் பேசினாள். "பழசை எடுத்துட்டு அதே நேரத்துல சின்னதா புதுசு வச்சுடலாம் தங்கச்சி. லைவ்ல யாருக்கும் தெரியாது. அங்க போய் வெறுமனே எடுத்துக்கிட்டா மூக்கு செருப்பால மிதிச்ச மாதிரி ஆயிடும்." அதே வாரம் வந்துவிடுகிறேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மாவிடம் கேட்டதற்கு, "புண்ணுக்குள்ள மறுபடியும் புதுசா? அதுவும் இதே வழியிலதான் வெளிய வரும், இன்னும் சீக்கிரமா வரும்" என்றார். ஒருத்தி மூக்கு தருகிறேன் என்கிறாள், இன்னொருவர் எடுக்கிறேன் என்கிறார். எடுக்கிறேன் என்பவரை நம்புவதற்கு எவ்வளவு நெஞ்சு வேண்டும், தெரியுமா அம்மா?

எங்கே போனாலும் கத்தி உண்டு. காப்பும் கையில் உண்டு. அதனால் வேலப்பன் மாமாவுக்குப் போன் போட்டேன். மாமா, நீங்கள் பேசியதை அப்படியே சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

"மாமா, காப்பை அவுத்துக்கலாமா?"

"அது என்ன ரிப்பனா, நெனச்சாக் கட்ட, நெனச்சா அவுக்க?"

"கத்தி வைக்கணும்ங்கறாங்க மாமா."

"எங்க?"

"மூக்குல."

"ஏற்கெனவே வச்சது போதலையா?"

"வச்சதை எடுக்கறதுக்குத்தான் மாமா."

பின்னால் யாரோ பந்தல் கம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னீர்கள். "வேணி, நான் கோவக்காரன்தான், கெட்டவன் இல்ல. காப்பு சும்மா எறங்காது. ரத்த சொந்தம் ஒண்ணு கை நீட்டி வாங்கிக்கணும். வாங்கினவங்க குழியில எறங்கணும். எங்கப்பா காலத்துலேர்ந்து இதான் மொறை."

"அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க மாமா."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

சொல்லிவிட்டீர்கள். காது கேட்காதவளிடம் ஒரு ரகசியத்தைச் சொல்ல வேண்டுமென்றால், உட்கார்ந்து எழுதித்தான் காட்டியிருக்க வேண்டும். அவ்வளவு சிரமப்பட்டுச் சொல்லியிருக்கிறீர்கள்.

அறையில் ஹாஜராவிடம் சொன்னதும் அவள் கையை நீட்டினாள். "எங்கிட்ட குடு. நான் கட்டிக்கறேன்."

"ரத்த சொந்தமா இருக்கணுமாம்."

"போன மழைக்கு உனக்கு டெங்கு வந்தப்ப ரத்தம் குடுத்தது யாரு? உங்க பூசாரியா? உன் ஒடம்புல ஓடறது என் ரத்தம்டி."

"கவுச்சி சாப்பிடக் கூடாது."

"ஐயோ." அவள் யோசித்தாள். "முட்டை?"

"கூடாது."

"சரி, தொலையட்டும். ஆனா எங்க வாப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவரு பூக்குழிக்கு முன்னாடியே என்னை அடுப்புல வச்சுருவாரு."

சிரித்தேன். சிரித்ததும் மூக்கு நுனி ஊசி குத்தியது போல வலித்தது. கண்ணாடியில் பார்த்தால் அந்த வெள்ளை இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது. ஹாஜராவும் பார்த்தாள், அதற்கு மேல் விளையாட்டு பேசவில்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். கயிறோட போறியா, கயிறு இல்லாமப் போறியான்னு உங்க அம்மன்கிட்ட நீயே கேட்டுக்க" என்றாள்.

கேட்டேன். காலையில் கயிறோடுதான் வந்து பேர் கொடுத்தேன். கத்திரிக்கோலோடு வந்த நர்ஸ், "கையில இருக்கிறதைக் கழட்டணும்" என்றாள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பொறுத்திருக்கும்போதுதான் உன் படம் வந்தது.

அம்மா, நீ குழியில் வைக்கப் போவது எந்தக் கால்? போன மழைக்காலத்தில் சர்க்கரையால் கட்டைவிரலை எடுத்த கால். பலகை முனை கீறியதற்கே மாதக்கணக்கில் கட்டுப் போட்ட கால். சுடுசோறு பட்டால்கூடத் தெரியாமல் மரத்துப்போன கால். அந்தக் காலைத் தணலில் வைக்கப் போகிறாயா? உனக்கு வலிக்காது. அதுதான் எனக்குப் பயம். வலிக்காததால் மெதுவாக நடப்பாய். கும்பிட்டுக்கொண்டே நடப்பாய். பிறகு அந்தக் காலை எதுவரைக்கும் வெட்டுவார்கள்? என் மூக்கில் கத்தி வைக்க உன் காலைத் தருகிறாய்.

படத்தைப் பார்த்ததும் எழுந்து வாசலுக்குப் போனேன். ஆபரேஷன் வேண்டாம், ஊருக்கே வந்துவிடலாம், உன் கயிற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நானே குழியில் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். மூக்கு ஓட்டையானால் ஆகட்டும். மாஸ்க் இருக்கிறது. ஹாஜரா என் பையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடி போற?"

"ஊருக்கு."

"போ. போயி அனல்ல நில்லு. மூக்கு பஸ்லயே கிழியும். ஓட்டை மூக்கோட நீ எறங்கினா உங்கம்மா பார்த்துக்கிட்டு நிக்குமா? உன் பின்னாடியே அதுவும் எறங்கும். அப்ப ரெண்டும் போச்சு."

அவள் சொன்னது சரிதான். நீ இறங்கிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும்.

பெஞ்சில் திரும்ப வந்து உட்கார்ந்து இரண்டு கயிற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என் கையில் இருப்பது அழுக்கேறி வெளுத்துவிட்டது. படத்தில் உன் கையில் இருப்பது பளிச்சென்று இருக்கிறது. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. உள்ளே போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். இந்தக் கயிற்றை அறுக்காமல் செய்ய முடியுமா என்று கேட்டேன். நர்ஸ் முறைத்தாள். டாக்டரம்மா என் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"எங்கம்மாவும் பிக்கு பிரித் மந்திரம் ஓதிக் குடுத்த நூலைக் கட்டி விடுவாங்க. கழட்டினா சாப்பிட மாட்டாங்க" என்றார். பிறகு நர்ஸிடம், "மருந்து தடவி, மேலே துணி சுத்தி, ஒட்டிடு. நான் மூக்கைத்தானே தொறக்கப் போறேன், கையையா?" என்றார்.

சுற்றியாகிவிட்டது. மணிக்கட்டில் வெள்ளைத் துணி, உள்ளே கயிறு.

மாமா, இப்போது நீங்கள் படியுங்கள். அம்மாவுக்கும் காட்டுங்கள். காப்பு என் கையிலிருந்து இறங்கவில்லை. நான் அவிழ்க்கவும் இல்லை, யாரிடமும் கொடுக்கவும் இல்லை. இறங்காத காப்பை அம்மா எப்படி வாங்கியிருக்க முடியும்? அம்மா கையில் இருப்பது வெறும் கயிறு. உங்கள் அப்பா காலத்து முறைப்படிதான் சொல்கிறேன். அதை அவிழ்த்துவிடுங்கள். நான் காப்போடுதான் கத்திக்குப் போகிறேன். ரத்தம் வரும். காப்பு கெடும். கெட்டது என் கையில்தான் கெடும். அம்மனுக்குக் கோபம் வந்தால் யார் மேல் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், பேர் சொல்லி ஊர் சொல்லி நான் பதிந்துவிட்டேன்.

எனக்குப் பயமில்லை என்று நினைக்காதே அம்மா. உன்னைவிட நான் அம்மனைக் கொஞ்சமாக நம்புகிறவள் இல்லை. மயக்க ஊசி போட்டதும் அவள் வந்து முன்னால் நின்றால் என்ன சொல்வது என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். எங்கம்மா அவசரக்காரி, மன்னிச்சுக்கோ என்றுதான் சொல்லப்போகிறேன்.

பியூட்டி சென்டருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். புதுசு எதுவும் வைக்கப் போவதில்லை. கடையில் லைவுக்கு வேறு பெண்ணைப் போட்டாலும் போடுவார்கள். பின்னால் நின்று புடவை மடித்துக் கொடுக்கிறேன். அடுத்த வருஷம் யோசிக்கச் சொன்னார் டாக்டரம்மா. அடுத்த வருஷத்தைப் பற்றி இப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

தெருவில் பிள்ளைகள் கத்துகிறார்கள். விளக்கு எரிந்துவிட்டது, மின்விசிறி சுற்றுகிறது. ஹாஜரா போனுக்குக் கை நீட்டுகிறாள். உள்ளேயிருந்து பர்மிய வழக்கப்படி "மா அம்சவேணி" என்று கூப்பிடுகிறார்கள்.

அம்மா, நான் எழுந்து வரும்போது இந்தப் போனில் உன் கை படம் இருக்க வேண்டும். வெறுங்கை. கயிற்றுத் தடம்கூட இருக்கக் கூடாது. கட்டுப் பிரித்ததும் என் முகத்தையும் அனுப்புகிறேன். எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. படத்தைப் பார்த்து யாரோ என்று தள்ளிவிடாதே.